பிரான்ஸில் சினிமா படிக்க வருகிறவர்களுக்கு

பிரான்ஸில் சினிமா படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் ஊரில் எல்லோரும் என்னிடம் கேட்டது, "எப்போ படம் எடுக்கப் போறே?" என்றுதான். அந்தக் கேள்விக்குத் தனக்கே பதில் தெரியாமல் விண்ணப்பம் போட்டு, வகுப்பு தொடங்கி இரண்டு மாதத்தில் மனம் சோர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுப் பல்கலைக்கழகத்தின் சினிமாத் துறை, முதன்மையாகப் படம் எடுக்கச் சொல்லித்தரும் இடம் அல்ல. படத்தைக் கூர்ந்து பார்க்கவும், அதன் வரலாற்றை அறியவும், பார்த்ததை வைத்து எழுத்தில் வாதாடவும் சொல்லித்தரும் இடம். கேமராவும் ஒலிப்பதிவும் படத்தொகுப்பும்தான் வேண்டுமென்றால் லா ஃபெமிஸ், லூயி லூமியேர் என்று தனிப் பள்ளிகள் உண்டு. அங்கே நுழைய 'கோன்கூர்' என்னும் கடுமையான போட்டித் தேர்வு எழுத வேண்டும். இடங்களும் மிகக் குறைவு. இந்தக் கட்டுரை பல்கலைக்கழகப் படிப்பைப் பற்றியது.

இந்தப் படிப்புக்கென்று ஒரு மரபு இருக்கிறது. 1948இலேயே சொர்போன் பல்கலைக்கழகத்தில் ஃபில்மோலஜிக்கு, அதாவது சினிமாவை அறிவியல் முறையில் ஆராயும் படிப்புக்கு, ஒரு நிறுவனம் அமைந்தது. ஆனால் சினிமா, முழுத் துறையாக வேர்விட்டது 1968 மே மாத மாணவர், தொழிலாளர் கிளர்ச்சிக்குப் பிறகு உருவான புதிய பல்கலைக்கழகங்களில்தான். வான்சேன் காட்டில் 1969இல் திறந்து, 1980இல் சான்-தெனிக்கு மாறிய பாரி 8 அவற்றில் ஒன்று. தத்துவப் பேராசிரியர் ழில் தெலூஸ் 1981 முதல் சினிமா பற்றிய தன் வகுப்புகளை அங்கேதான் நடத்தினார். பாரி 3 என்று அழைக்கப்பட்ட சொர்போன் நுவெல் இன்னொன்று. வரலாறும் கோட்பாடும் ஆழமாக வேண்டுமென்றால் சொர்போன் நுவெல், கோட்பாட்டோடு கொஞ்சம் செய்முறையும் வேண்டுமென்றால் பாரி 8 என்பது என் கணிப்பு.

பாரிஸை மட்டுமே நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். ரென் 2, மோன்பெலியே, எக்ஸ்-மர்செய், துலூஸ், லியோன் 2 எல்லாவற்றிலும் நல்ல துறைகள் உண்டு. வீட்டு வாடகையும் பாரிஸ் அளவுக்குக் கழுத்தை நெரிக்காது. துலூஸில் தனியாக ஒரு சினிமாதெக், அதாவது படங்களைக் காத்துத் திரையிடும் காப்பகம், இருக்கிறது. லியோனில் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் குடும்ப வீட்டிலேயே லூமியேர் நிறுவனம் இயங்குகிறது. அது இருக்கும் தெருவுக்குப் பெயரே 'முதல் படத்தின் தெரு'. தொடக்ககால சினிமாவில் ஆர்வமுள்ளவர்களுக்கு நான் லியோனைத்தான் சொல்வேன்.

விண்ணப்பம்

படிப்பின் அமைப்பு எளிமையானது. இளங்கலையான லிசான்ஸ் மூன்று வருடம், முதுகலையான மாஸ்டர் இரண்டு வருடம், அப்புறம் முனைவர் பட்டம். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் வெளிநாட்டு மாணவர்களுக்கான பிரெஞ்சு அரசு அமைப்பான கேம்பஸ் பிரான்ஸின் 'எத்யூத் ஆன் ஃபிரான்ஸ்' தளம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். லிசான்ஸ் முதல் ஆண்டில் சேருவதற்கு முன்னனுமதி விண்ணப்பம் என்று தனி வழி இருக்கிறது. அது வழக்கமாக அக்டோபரில் திறந்து டிசம்பர் நடுவில் மூடிவிடும். செப்டம்பரில் தொடங்கும் வகுப்புக்கு முந்தைய டிசம்பரிலேயே எல்லாம் முடிந்துவிடுகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அந்தந்த ஆண்டின் தேதிகளைத் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி: ஐரோப்பியர் அல்லாத மாணவர்களுக்கு 2019 முதல் கட்டணம் கூடுதல். லிசான்ஸுக்கு ஆண்டுக்கு 2,800 யூரோவுக்கு மேல், மாஸ்டருக்கு 3,800க்கு மேல். ஐரோப்பிய மாணவர்கள் லிசான்ஸுக்குக் கட்டுவது 200 யூரோவுக்கும் குறைவு. சில பல்கலைக்கழகங்கள் இந்தக் கூடுதல் தொகையில் முழுதாகவோ பகுதியாகவோ விலக்கு அளிக்கின்றன. இடம் தேர்ந்தெடுப்பதற்கு முன் துறை அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி இதைக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. விசாவுக்கு மாதம் 615 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். பாரிஸில் அந்தத் தொகையை வைத்து மாதத்தை ஓட்ட முடியாது. மாணவர் விசாவில் ஆண்டுக்கு 964 மணி நேரம் வேலை செய்யலாம்.

ஊக்கக் கடிதம்தான் உங்கள் விண்ணப்பத்தின் உயிர். "சிறுவயதிலிருந்தே எனக்குச் சினிமா பிடிக்கும்" என்று தொடங்காதீர்கள். விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் பிடிக்கும். நீங்கள் பார்த்த ஒரு படத்தின் ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, அதில் உங்களுக்கு விளங்காமல் இருப்பது என்ன என்று எழுதுங்கள். அந்தத் துறையில் இருக்கும் எந்தப் பாடம் அந்தக் கேள்விக்கு உதவும் என்று பெயரோடு சொல்லுங்கள். இவ்வளவு போதும்.

மொழி

பொதுவாகப் பிரெஞ்சில் பி2 என்னும் மேல்-இடைநிலைச் சான்றிதழ் கேட்பார்கள். சென்னை, புதுச்சேரி, கொழும்பு அலியான்ஸ் பிரான்சேஸ் மொழிப் பள்ளிகளில் படித்து, டெல்ஃப் என்னும் பிரெஞ்சு மொழித் தேர்வில் பி2 தேறிவிடலாம். ஆனால் சான்றிதழ் உங்களை வாசல்வரைதான் கொண்டுவந்து விடும். விரிவுரை மண்டபத்தில் இரண்டு மணி நேரம் ஒருவர் நிறுத்தாமல் பேசும்போதுதான் உண்மையான பரீட்சை. நான் கண்ட வழி ஒன்று: பிரெஞ்சுப் படங்களின் குறுந்தகடுகளிலும் இணையத் தளங்களிலும் காது கேளாதவர்களுக்கான பிரெஞ்சு வசன வரி இருக்கும். அதை வைத்து ஒரே படத்தை மூன்று முறை பாருங்கள். மூன்றாவது முறை வரியை நிறுத்திவிடுங்கள். கதவு சாத்தும் சத்தம், தூரத்து இசை என்று ஒலிகளையும் அந்த வரிகள் சொல்லும். காட்சி ஆய்வுக்குத் தேவையான ஒலிச் சொற்கள் பாதி அங்கேயே கிடைத்துவிடும்.

கலைச்சொற்களை வருவதற்கு முன்பே மனப்பாடம் செய்துவிடுங்கள். ஷாட் என்று நாம் சொல்வது இங்கே 'ப்ளான்'. குளோஸ்-அப் 'க்ரோ ப்ளான்'. தொடையிலிருந்து தலைவரை தெரியும் அளவுக்கு 'ப்ளான் அமெரிக்கேன்' என்று பெயர். கௌபாய் படங்களில் இடுப்புத் துப்பாக்கியும் சட்டகத்துக்குள் வர வேண்டும் என்பதால் வந்ததாகச் சொல்வார்கள். மேலிருந்து கீழே பார்க்கும் கோணம் 'ப்லோன்ழே', கீழிருந்து மேலே 'கோந்த்ர்-ப்லோன்ழே'. இரண்டு ஷாட்டுகள் சேரும் இணைப்பு 'ராக்கோர்'. சட்டகத்துக்கு வெளியே இருந்தும் படத்தின் உலகத்துக்குள் இருப்பது 'ஓர்-ஷான்'. இந்தக் கடைசிச் சொல்லை நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மூன்று வருடமும் கூடவே வரும். கட்டுரையின் அமைப்புத் திட்டத்துக்கும் 'ப்ளான்' என்றுதான் பெயர் என்பதால் முதல் வாரத்தில் கொஞ்சம் குழம்பும்.

வகுப்புகள்

வகுப்புகள் இரண்டு வகை. பெரிய மண்டபத்தில் நடக்கும் விரிவுரை ஒன்று. பெரும்பாலும் வருகைப் பதிவு இருக்காது. 'தேதே' என்று சுருக்கிச் சொல்லும் சிறு குழு வகுப்பு இன்னொன்று. அதற்குப் போகாமல் இருந்தால் தேர்வில் 'வராதவர்' ஆகிவிடுவீர்கள். மதிப்பெண் 20க்கு. பத்து எடுத்தால் தேர்ச்சி, 12 பரவாயில்லை, 14 நல்லது, 16 மிக நல்லது. ஊரில் தொண்ணூறு வாங்கிப் பழகியவர்கள் 11ஐப் பார்த்து அழ வேண்டாம். 11 என்பது கௌரவமான மதிப்பெண்.

காட்சியைப் பிரித்துப் பார்ப்பது

இந்தப் படிப்பின் மையம் இதுதான். பல தேர்வுகளில் சில நிமிடக் காட்சி ஒன்றை இரண்டு மூன்று முறை திரையிடுவார்கள். அதை வைத்து மூன்று நான்கு மணி நேரம் எழுத வேண்டும். என் முதல் கட்டுரைக்கு 6 மதிப்பெண் வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'பாராஃப்ராஸ்' என்று மூன்று இடத்தில் எழுதியிருந்தது. கதையைத் திருப்பிச் சொல்லியிருக்கிறாய் என்று பொருள். அந்தப் பேராசிரியர் வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தி, "பையன் என்ன செய்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். கேமரா என்ன செய்தது?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை இன்றும் ஒவ்வொரு படத்தின் முன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

செய்முறை இப்படி. முதல் திரையிடலில் பேனாவைத் தொடாதீர்கள். முழுதாகப் பாருங்கள், எந்த நொடியில் உங்களுக்குள் ஏதோ நடந்தது என்று மட்டும் கவனியுங்கள். இரண்டாவது முறை வெட்டுகளை எண்ணுங்கள். தாளில் முன்னமே கட்டம் போட்டு வைத்திருக்க வேண்டும்: ஷாட் எண், ஏறக்குறைய எத்தனை நொடி, அளவு, கோணம், கேமரா அசைவு, ஒலி, அடுத்த ஷாட்டுக்கு எப்படிப் போகிறது. இதற்குத் 'தெகூபாழ்' என்று பெயர். எல்லாக் கட்டத்தையும் நிரப்ப நேரம் இருக்காது. அசைவும் ஒலியும் கட்டாயம். மூன்றாவது முறை கொஞ்ச நேரமாவது கண்ணை மூடிக் கேளுங்கள். எல்லோரும் படத்தைப் பார்க்கிறார்கள், கேட்கிறவர்கள் குறைவு.

ஓர் உதாரணம் சொன்னால் விளங்கும். இயக்குநர் த்ரூஃபோவின் 'லே காத்ர்-சான் கூ' படத்தின் முடிவை எடுத்துக்கொள்வோம். ஊரில் திரைப்படக் கழகங்கள் '400 ப்ளோஸ்' என்று திரையிடும் அதே படம்தான். அந்த ஆங்கிலத் தலைப்பு பிரெஞ்சு மரபுத்தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த பிழை. பிரெஞ்சில் அதற்கு 'அடங்காத சேட்டை' என்று பொருள்; அடி உதைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீர்திருத்த இல்லத்தில் கால்பந்து ஆடிக்கொண்டிருக்கும் சிறுவன் அந்துவான் வேலிக்கு அடியில் நுழைந்து தப்பி ஓடுகிறான். வெட்டே இல்லாமல் ஒரு நிமிடத்துக்கு மேல் கேமரா அவன் பக்கவாட்டில் கூடவே நகர்கிறது. பிறகு கடல். அலையில் கால் வைக்கிறான், திரும்புகிறான், கேமராவை நோக்கி வருகிறான், லென்ஸைப் பார்க்கிறான், படம் உறைந்து நிற்கிறது.

"அந்துவான் விடுதலையைத் தேடி ஓடுகிறான்" என்று எழுதினால் அது பாராஃப்ராஸ். கதைச் சுருக்கத்தைப் படித்தவருக்கும் அது தெரியும். இப்போது இப்படிப் பாருங்கள். கேமரா அவனுடைய அதே வேகத்தில், ஏறக்குறைய அதே தூரத்தில் போகிறது. மரங்களும் வேலிகளும் பின்னால் ஓடுகின்றன, அவன் மட்டும் சட்டகத்துக்குள் ஒரே இடத்தில் இருக்கிறான். ஓடுகிறான், ஆனால் திரையில் முன்னேறவே இல்லை. காதில் விழுவது அவன் காலடிச் சத்தம். ஆக, ஓட்டம் எங்கேயும் கொண்டுசேர்க்காது என்பதைக் கடல் வருவதற்கு முன்பே அந்த த்ராவ்லிங், அதாவது கூடவே நகரும் கேமரா, சொல்லிவிடுகிறது. பிறகு உறைந்த படம். இதே படத்தில் முன்னால் ஓரிடத்தில் காவல் நிலையத்தில் அவனைக் கோப்புக்காகப் புகைப்படம் எடுக்கிறார்கள். கடைசியில் உறையும் முகம் அந்தப் புகைப்படத்தை நினைவுபடுத்துகிறதா? இங்கே அவனே திரும்பி நம்மைப் பார்ப்பதால் பொருள் மாறுகிறதா? இந்த இடத்தில்தான் உங்கள் ஆய்வு தொடங்குகிறது. கண்ணில் பட்டது, அது செய்யும் வேலை, அதிலிருந்து எழும் பொருள்: இந்த வரிசையில்தான் எப்போதும் போக வேண்டும். பொருளிலிருந்து தொடங்கிப் பின்னால் ஆதாரம் தேடினால் வாசிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

எழுதும்போது சில சின்ன வழக்கங்கள்: நிகழ்காலத்தில் எழுதுங்கள். 'நான்' என்று எழுதாமல் 'நாம்' என்றோ பொதுவாகவோ எழுதுங்கள். கையால் எழுதும் தேர்வில் படப் பெயருக்கு அடிக்கோடு போட்டு, இயக்குநர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் கொடுங்கள். "அற்புதமான ஒளிப்பதிவு" போன்ற புகழ்ச்சி வேண்டாம். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதை இருட்டில் விடுகிறது என்று எழுதினால் போதும்.

வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது

ஐம்பது நொடியில் தொடங்குங்கள். லியோன் தொழிற்சாலையிலிருந்து தொழிலாளர்கள் வெளியே வரும் லூமியேர் படம். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயின் அடித்தளத்தில் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்குத் திரையிட்ட படங்களில் இதுவும் ஒன்று. இதற்கு மூன்று வடிவங்கள் உண்டு. எத்தனை குதிரைகள் தெரிகின்றன என்பதை வைத்து அவற்றை அடையாளம் சொல்வார்கள்: ஒரு குதிரை, இரண்டு குதிரை, குதிரையே இல்லை. மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், மக்களின் உடுப்பே மாறுகிறது. இருந்ததை இருந்தபடி பிடித்ததாக நாம் நினைத்த படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறார்கள். "நான் பார்ப்பது எந்தப் பிரதி?" என்று கேட்கும் பழக்கம் அங்கேயே வந்துவிட வேண்டும். ழான் விகோவின் 'லத்தலாந்த்' 1934இல் வெளியானபோது வெட்டிச் சிதைக்கப்பட்டு, வேறு பாட்டைச் செருகி, வேறு பெயரில் வந்தது. அதே ஆண்டு 29 வயதில் விகோ இறந்துபோனார். ரெனுவாரின் 'லா ரெக்ல் து ழூ' 1939இல் தோல்வியடைந்து, வெட்டப்பட்டு, போர் தொடங்கியதும் தடைசெய்யப்பட்டது. நாம் இன்று பார்ப்பது 1959இல் மீட்டுக் கோத்த வடிவம். நீங்கள் ஆய்வு செய்யும் ஷாட் இயக்குநர் வைத்த இடத்தில்தான் இருக்கிறதா என்று தெரியாமல் எழுதக்கூடாது.

லூமியேருக்கும் இன்னொரு முன்னோடியான மெலியேஸுக்கும் பக்கத்தில் அலிஸ் கீ பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். கோமோன் நிறுவனத்தில் செயலராகச் சேர்ந்து 1896 முதல் கதைப்படம் எடுத்தவர். பழைய வரலாற்று நூல்கள் அவரை விட்டுவிட்டன. த்ரூஃபோ, கோதார் போன்றவர்களின் 'புதிய அலை'யான நூவெல் வாக்குக்கு வரும்போதும் 1959இல் தொடங்காமல், 1954இல் அன்யேஸ் வார்தா படம்பிடித்த 'லா புவாந்த் கூர்த்' படத்திலிருந்து தொடங்குங்கள்.

பெரும்பாலான புதியவர்கள் வரலாறு என்றால் இயக்குநர் பட்டியல் என்று நினைக்கிறார்கள். சட்டமும் பணமும் கருவியும் சேர்ந்ததுதான் வரலாறு. 1946 மே மாதம் ப்ளும்-பர்ன்ஸ் ஒப்பந்தம் அமெரிக்கப் படங்களுக்குப் பிரெஞ்சுத் திரையரங்குகளைத் திறந்துவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அரசு செஎன்செ என்னும் தேசிய சினிமா மையத்தை உருவாக்கியது. இன்றும் விற்கும் ஒவ்வொரு டிக்கெட்டிலும் 10.72 சதவீதம் அந்த மையத்துக்கு வரியாகப் போய், அடுத்த படங்களுக்கு உதவியாகத் திரும்புகிறது. கோதார் 1959இல் பாரிஸ் தெருக்களில் படம்பிடித்தபோது தோளில் தூக்கக்கூடிய கேமிஃப்ளெக்ஸ் கேமராவும், இரவுக் காட்சிக்குப் புகைப்படக்காரர்கள் பயன்படுத்திய இல்ஃபோர்டின் வேகமான பிலிமும் கையில் இருந்தன. அவை இல்லாமல் அந்தத் துணிச்சல் திரையில் வந்திருக்காது. 1951இல் தொடங்கிய 'கயே து சினிமா' விமர்சன இதழையும் மறுஆண்டு லியோனில் தொடங்கிய 'பொசித்திஃப்'பையும் சேர்த்தே படியுங்கள். ஒன்றுக்கொன்று கடுமையாக மோதிக்கொண்ட இதழ்கள் அவை. ஒன்றை மட்டும் படித்தால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

நீள்கட்டுரை

'திஸ்ஸெர்த்தாசியோன்' பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைப்பு பெரும்பாலும் ஒரு மேற்கோளாக இருக்கும். அதை ஒப்புக்கொண்டு எழுதுவதோ மறுத்து எழுதுவதோ வேலை அல்ல; அதற்குள் இருக்கும் முரணைக் கண்டுபிடித்து ஒரு கேள்வியாக மாற்ற வேண்டும். அந்தக் கேள்விக்குப் 'ப்ரொப்லெமாத்தீக்' என்று பெயர். முன்னுரையின் முடிவில் உங்கள் பகுதிகளை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நம் ஊர்ப் பழக்கத்துக்கு இது செயற்கையாகத் தோன்றும், ஆனாலும் செய்துவிடுங்கள். நான்கு மணி நேரத் தேர்வில் முதல் ஒரு மணி நேரத்தைக் கலர் தாளில் கொடுக்கும் பிரூயோனில், அதாவது கரட்டுத் தாளில் செலவழித்தால் மீதி தானாக வரும்.

எங்கே பார்ப்பது

வாரத்துக்கு மூன்று படமாவது திரையரங்கில் பாருங்கள். பாரிஸில் இருந்தால் சொர்போனுக்குப் பக்கத்தில் ஷாம்போலியோன் தெரு இருக்கிறது. அந்தச் சின்னத் தெருவில் மூன்று அரங்குகள், பழைய படங்கள் ஓடிக்கொண்டே இருக்கும். ஆன்ரி லாங்லுவாவும் நண்பர்களும் 1936இல் தொடங்கிய சினிமாதெக் 2005 முதல் பெர்சியில் இருக்கிறது. அங்கே இருக்கும் நூலகத்தை முதல் ஆண்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். திரைக்கதைப் பிரதிகள், பழைய விமர்சனத் துணுக்குகள் எல்லாம் கிடைக்கும். அவர்களுடைய 'ஆன்ரி' தளத்தில் அரிய படங்களை இலவசமாகப் பார்க்கலாம். வெளிநாட்டுப் படமென்றால் சுவரொட்டியில் 'வேஓ' என்று இருக்கிறதா என்று பாருங்கள். மூலமொழியில் ஓடுகிறது என்று பொருள். 'வேஎஃப்' என்றால் பிரெஞ்சு டப்பிங். புதுப் படங்கள் புதன்கிழமைகளில் வெளியாகின்றன.

மாஸ்டர் ஆய்வேடு

இதற்கான தலைப்பை லிசான்ஸ் மூன்றாம் ஆண்டிலேயே தேடத் தொடங்குங்கள். "கோதாரின் அழகியல்" போன்ற பெரிய தலைப்போடு போனால் பேராசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். நமக்கு மட்டும் கேட்கும் விஷயங்கள் சில உண்டு. இயக்குநர் லூயி மால் 1969இல் வெளியிட்ட, இந்தியா பற்றிய ஏழு பகுதி ஆவணத் தொடரில் இரண்டாம் பகுதி மதராஸைப் பற்றியது. இயக்குநர் ழாக் ஓதியார் 2015இல் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது வென்ற 'தீபன்' படத்தில் வசனம் பெரும்பகுதி தமிழில். அதன் தமிழுக்கும் பிரெஞ்சு வசன வரிக்கும் நடுவில் என்ன நழுவிப்போகிறது என்பதை வகுப்பில் நம்மைத் தவிர யாராலும் கேட்க முடியாது. இதை நான் ஒரு கருத்தரங்கில் சொன்னபோது வகுப்பே காது கொடுத்துக் கேட்டது. நான் மொழி தெரியாதவளாக உணராமல் இருந்த முதல் நாள் அது. இப்படி உங்கள் காதுக்கும் கண்ணுக்கும் மட்டும் எட்டும் ஒரு சின்ன இடத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் எழுதி, வசந்தகாலத்திலேயே வழிகாட்டியாக வரக்கூடிய பேராசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் செப்டம்பர்வரை பதில் வராது.